இரண்டு அங்குலத் தண்ணீர் பம்ப்: ஆறு மழைக்காலம் மூடிவைத்த பிறகு

கந்தப்பளையில் கரட்டும் லீக்ஸும் போடும் நண்பர், நான் பாவிக்கும் இந்தப் பெற்றோல் பம்பைப் போல ஒன்றை வாங்கலாமா என்று கேட்டிருந்தார். 163 சிசி, நாலு ஸ்ட்ரோக், கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ணும் வகை. எவ்வளவு தண்ணீர் தள்ளும் என்பது அவருக்கே தெரியும். ஓடும்போது இதில் ஒரு குறையும் இல்லை. சும்மா கிடக்கும்போதுதான் குணத்தைக் காட்டுகிறது. நுவரெலியாப் பக்கம் பம்புக்கு முக்கிய வேலை ஜனவரியிலிருந்து மார்ச் வரைதான். மே நடுவில் தென்மேல் பருவப்பெயர்ச்சி மழை பிடித்துவிட்டால் மாதக்கணக்கில் மூலையில் கிடக்கும். வெலிமடையில் கணக்கு வேறு: அங்கே ஜூன் முதல் செப்டெம்பர் வரை வரட்சி, ஒக்டோபர் மழையோடு பம்ப் உள்ளே போகும்.

எஞ்சினைப் பாராட்டத்தான் வேண்டும். ஒழுங்காக மூடிவைத்தால் மூன்றாவது இழுப்பில் பிடிக்கிறது. ஒழுங்காக என்றால், முதலில் சூடு ஆறமுன் பழைய ஒயிலை வடிக்க வேண்டும். அடுத்த போகத்துக்கு மாற்றலாம் என்று விட்டால், எரிந்த பெற்றோலின் நீரும் அமிலமும் கலந்த ஒயிலில்தான் பேரிங் ஊறிக் கிடக்கும். புதிதாக 10டபிள்யூ-30 ஒயில் 600 மில்லி ஊற்றி மூன்று நிமிடம் ஓட்டுங்கள். பிறகு பெற்றோல் டேப்பை மூடி, தானாக நிற்கும்வரை விடுங்கள். பலர் இதோடு முடித்துக்கொள்கிறார்கள். பெற்றோலையும் காற்றையும் கலக்கும் காபரேட்டரின் கிண்ணத்து அடியில் இன்னும் ஒரு கரண்டி பெற்றோல் நிற்கும். அது காய்ந்து பிசினாகி, பெற்றோல் போகும் ஜெட் துளையை அடைக்கும். அதோடு சேர்ந்த சொட்டுத் தண்ணீர் கிண்ணத்துக்குள் வெள்ளைப் பொடியாகப் பூக்கும். அடியிலுள்ள 10 எம்எம் போல்ட்டைத் தளர்த்தி அதையும் வடித்துவிட வேண்டும்.

டேங்க் இரும்புத் தகடு. பாதி பெற்றோலோடு விட்டால், மேல்பாதி இரவுக் குளிரில் உள்ளே வியர்த்துத் துருப்பிடிக்கும். முழுக்க வடித்து, 50 மில்லி ஒயில் விட்டுச் சுழற்றுங்கள். வடிப்பது வெளியில், அடுப்புக்கு எட்டத்தில்.

அடுத்தது ஸ்பார்க் பிளக். ஸ்விட்சை ஓஃப் செய்து, பிளக்கைக் கழற்றி, துளையில் 5 முதல் 10 மில்லி ஒயில் விட்டு, மேலே துணியைப் போட்டுக் கயிற்றை நாலைந்து தடவை மெதுவாக இழுக்க வேண்டும். பிளக்கைப் பூட்டி மறுபடி இழுத்தால் ஓரிடத்தில் கை கனக்கும். அங்கேயே நிறுத்துங்கள். இரண்டு வால்வும் மூடியிருக்கும் இடம் அது. சைலன்ஸர் வழியாக மூடுபனி ஈரம் சிலிண்டருக்குள் இறங்காது.

எஞ்சினுக்கு இவ்வளவும் செய்து வைத்த மெஷினும் சிலவேளை ஜனவரியில் கயிறு அசையாமல் நிற்கும். எஞ்சின் ஜாம் என்று கராஜுக்குத் தூக்குவார்கள். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்: கயிறு அசைந்து ஒயில் பீச்சினால், ஊற்றிய ஒயில் கூடிவிட்டது, அவ்வளவுதான். பிளக் இல்லாமலும் அசையாவிட்டால் பெரும்பாலும் பிழை எஞ்சினில் இல்லை, பம்பில். உள்ளே நின்ற தண்ணீரில், தண்ணீரைத் தள்ளும் வார்ப்பிரும்புச் சக்கரமான இம்பெல்லர் பம்பின் கூட்டோடு துருவால் ஒட்டியிருக்கும், அல்லது தண்ணீர் எஞ்சின் பக்கம் கசியாமல் தடுக்கும் சீலின் இரண்டு முகமும் ஒட்டியிருக்கும். பலத்தைக் காட்டி இழுத்தால் கயிறு அறும். பம்பில் தண்ணீர் நிரப்பி ஓரிரவு ஊறவிட்டு மெல்ல அசைக்க வேண்டும். அதற்கும் மசியாவிட்டால் முன்மூடியைக் கழற்ற வேண்டியதுதான்.

இந்த மெஷின்மேல் எனக்குள்ள கோபமும் அங்கேதான். அடியில் தண்ணீர் வடிக்கும் பிளக், சட்டத்தின் குறுக்குக் கம்பிக்கு நேரே இருக்கிறது. ஸ்பேனர் கால் சுற்றுகூடத் திரும்பாது. எடுத்து மாட்டி, எடுத்து மாட்டி, கடைசியில் தலை தேய்ந்துபோகும். கழன்றாலும் துளை கூட்டின் அடிமட்டத்துக்கு ஒரு விரல்கடை மேலே. மிச்சம் உள்ளேயே நிற்கிறது. முதலில் நல்ல தண்ணீரால் அலசி, பிளக்கைக் கழற்றி, எஞ்சின் பக்கத்தை ஒரு சாண் தூக்கிப் பிடித்து, உறிஞ்சும் வாய்க்குள் விரலை விட்டு, தண்ணீர் திரும்பிப் போகாமல் தடுக்கும் ரப்பர் நாக்கைத் தள்ளினால் பின்னால் தேங்கியதும் வரும். காய்ந்தபின் இரும்பில் எஞ்சின் ஒயிலை மெல்லியதாகப் பூசலாம், ரப்பரில் படாமல். தேங்காய் எண்ணெய் வேண்டாம். 24 பாகைக்குக் கீழே கட்டியாகிவிடும், நுவரெலியாவில் அது பெரும்பாலும் கட்டிதான்.

வைக்கும் இடமும் பெரிய விஷயம். உரமூட்டைக்கும் கோழிச்சாணத்துக்கும் பக்கத்தில் வைக்கவே கூடாது. சாணத்தின் அமோனியா பித்தளை ஜெட்டைத் தின்னும். பொட்டாஷ் உரம் ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும். பொலித்தீனால் இறுகக் கட்டினால் உள்ளே வியர்க்கும். பலகைமேல் ஏற்றி, பழைய சாக்கைத் தளர்வாகப் போட்டால் போதும்.

இவ்வளவு நல்ல எஞ்சினைப் பார்த்தபிறகும் நண்பருக்கு என் பதில், வாங்க வேண்டாம். வருடத்தில் பெரும்பகுதி தூங்கும் பம்பில் தண்ணீரைச் சுலபமாக வடிக்க வழியில்லையென்றால், எஞ்சின் எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை. வேறு மொடல் பார்க்கப் போனால் ஸ்பேனரையும் எடுத்துப் போங்கள். காசு கொடுக்கமுன் மெஷினைச் சரித்து, அடிப்பிளக்கைக் கழற்றிப் பூட்டிப் பாருங்கள்.