கருவிக்கு முழு மதிப்பெண், அட்டைகளுக்குப் பாதிதான்

பழம்பொருள்களின் நகல்களை இணையத்தில் விற்கும் ஒரு கடையிலிருந்து, மரத்தாலான ஸ்டீரியோஸ்கோப் ஒன்றும் (சற்றே வேறுபட்ட இரண்டு படங்களைக் கண்ணுக்கு ஒன்றாகச் சேர்த்து ஆழத்தோடு காட்டும் கருவி) 24 இரட்டைப் பட அட்டைகளும் அடங்கிய பெட்டியை 5,400 ரூபாய் கொடுத்து வாங்கினேன். அட்டைகள் அனைத்தும் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் உள்ள லேக் ஜார்ஜ் ஏரியையும், அதன் தென்முனையில் நீராவிக் கப்பல்களை நம்பி வளர்ந்த சிற்றூரையும் காட்டும் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் படங்களின் மறு அச்சுகள். மூன்று வாரங்கள் பார்த்துப் பழகிய பிறகே இதை எழுதுகிறேன். முதல் நாளே எழுதியிருந்தால் வெறும் பாராட்டாக முடிந்திருக்கும்.

முதலில் கருவி. 1861இல் பாஸ்டன் நகரத்து மருத்துவரும் எழுத்தாளருமான ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் வடிவமைத்து, காப்புரிமை எதுவும் பெறாமல் பொதுவில் விட்டுவிட்ட அதே அமைப்புதான் இது: கண்களை வெளிச்சத்திலிருந்து மறைக்கும் ஒரு மூடி, இரண்டு லென்ஸ்கள், நடுவே ஒரு தடுப்புப் பலகை, முன்னும் பின்னும் நகரும் அட்டைத் தாங்கி, கீழே ஒரு கைப்பிடி. மரவேலை நேர்த்தியாக இருக்கிறது. தாங்கி சிக்காமல் நகர்கிறது. லென்ஸ்களின் ஓரத்தில் மட்டும் லேசாக நிறம் பிரிகிறது, ஆனால் படத்தின் நடுப்பகுதி தெளிவாகவே தெரிகிறது. மூக்குக்கண்ணாடி அணிபவர்கள் அதைக் கழற்றிவிட்டுத் தாங்கியைச் சரிசெய்துகொள்ளலாம். ஒரு கண்ணில் பார்வை குறைந்தவர்களுக்கு இந்தக் கருவியால் பயனில்லை என்பதைப் பெட்டியின் மேல் அச்சிட்டிருக்க வேண்டும். என் தந்தை பத்து நிமிடம் முயன்றுவிட்டு, “இரண்டு படம் தனித்தனியாகத்தானே தெரிகிறது” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அட்டைகளில் உள்ள ஊர் அப்போது கால்டுவெல் என்று அழைக்கப்பட்டது. நாம் அறிந்த கால்டுவெல் பாதிரியாருக்கும் இதற்கும் தொடர்பில்லை. அங்கே நிலம் வாங்கி ஊரை உருவாக்கிய ஜேம்ஸ் கால்டுவெல் என்ற வணிகரின் பெயர் அது. 1817இல் அந்த ஏரியில் ஓடத் தொடங்கிய முதல் நீராவிக் கப்பலுக்கும் அவர் பெயரையே வைத்தார்கள். ஏரி 32 மைல் நீளமும் குறைந்த அகலமும் கொண்டது; கரையெங்கும் மலைகள் நெருக்கி நிற்பதால், கோடைக்கு வந்த விருந்தினர்களை விடுதி விடுதியாகக் கொண்டு சேர்க்கும் வேலை கப்பல்களிடமே இருந்தது. ஆகவே இந்தத் தொகுப்பில் கடைத்தெருவை விடப் படகுத்துறையே அதிகம் தென்படுவதில் வியப்பில்லை.

தொகுப்பின் பெரும்பகுதி செனெகா ரே ஸ்டாடர்ட் எடுத்தவை. 1843இல் பிறந்து, ரயில் பெட்டிகளுக்கு அலங்கார ஓவியம் தீட்டும் வேலையில் தொடங்கி, அருகிலிருந்த கிளென்ஸ் ஃபால்ஸ் ஊரில் குடியேறிப் படக்கலைஞராகவும் பயண வழிகாட்டி நூல்களின் ஆசிரியராகவும் பெயர் பெற்றவர் அவர். 1892இல் அதே நியூயார்க் மாநிலத்தில் உள்ள ஆடிரொண்டாக் காடுகளின் படங்களை விளக்கொளியில் பெரிதாக்கி மாநிலச் சட்டமன்றத்தினருக்குக் காட்டினார். அதே ஆண்டில் ஆடிரொண்டாக் பூங்காவுக்கான சட்டமும் வந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது படகுத்துறையைக் காட்டும் ஏழாவது அட்டை. வெறும் கண்ணால் பார்த்தால் சாம்பல் நிறத் தண்ணீரும் ஒரு வெள்ளைக் கப்பலும்தான். கருவியில் வைத்ததும் முன்னால் உள்ள மரக் கைப்பிடிச் சுவர் கைக்கெட்டும் தொலைவில் எழுந்து நிற்கிறது. அதற்கு அப்பால் பயணப் பெட்டிகளின் குவியல், அதற்கும் அப்பால் துடுப்புச் சக்கரத்தை மூடிய அரைவட்டக் கூடு, கடைசியில் தட்டையான திரைபோல எதிர்க்கரை மலை என்று படம் அடுக்கடுக்காகப் பிரிகிறது. பெட்டிகளுக்குப் பக்கத்தில் நிற்கும் ஒருவருக்குக் கால்கள் உண்டு, தலை இல்லை. ஈரக் கண்ணாடித் தகட்டில் படம் பதியச் சில நொடிகள் தேவைப்பட்ட காலம் அது; அந்த நேரத்தில் அவர் திரும்பிப் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான். ஏரி அலையே இல்லாமல் கண்ணாடிபோல் கிடப்பதற்கும் அதே காரணம். வானம் வெறும் வெள்ளையாக இருப்பதற்குக் காரணம் வேறு: அந்தத் தகடுகள் நீல நிறத்துக்கு அளவுக்கு மீறி வினைபுரிந்ததால் மேகங்கள் பதியாமலே போயின.

தொலைவில் உள்ளவை தட்டையாகத் தெரிவது கருவியின் குறை அல்ல. இரட்டைப் படம் ஏறக்குறைய நம் கண்களுக்கு இடையே உள்ள தொலைவு அளவே விலகியிருக்கும் இரண்டு லென்ஸ்களால் எடுக்கப்படுவதால், மைல் கணக்கில் தள்ளி நிற்கும் மலையில் இரண்டு படங்களுக்கும் வேறுபாடு தோன்றாது. தேர்ந்த படக்கலைஞர்கள் இதை அறிந்து ஒரு மரக்கிளையையோ படகின் முனையையோ முன்னால் வைத்துக்கொண்டார்கள். இந்த 24 அட்டைகளில் அப்படி முன்பொருள் உள்ளவை பத்துக்கு மேல் தேறாது. மலையும் நீரும் மட்டுமே உள்ள மற்றவற்றைத் தேர்ந்தெடுத்தவர் கருவியில் வைத்துப் பார்த்திருப்பாரா என்ற ஐயம் எழுகிறது.

அச்சின் தரம் அதைவிட வருத்தம் தருகிறது. மூலப் படங்களுக்கு உரிய பழுப்புச் சாயல் போய், கறுப்பும் வெள்ளையுமாக வெளிறிக் கிடக்கின்றன. பளபளப்பான தாள் விளக்கொளியைத் திருப்பி அடிக்கிறது. லென்ஸ் படத்தைப் பெரிதாக்கும்போது அச்சுப் புள்ளிகளையும் சேர்த்தே பெரிதாக்குவதால், கப்பலின் பெயரைப் படிக்க முயன்றால் மணல் தூவியதுபோல் தெரிகிறது.

குறிப்புப் புத்தகத்தில் எல்லாப் படங்களும் 1860களைச் சேர்ந்தவை என்று எழுதியிருக்கிறார்கள். அது எப்படி முடியும்? மூன்று அட்டைகளில் உள்ளது ஹாரிக்கன் என்ற கப்பல். அது 1877இல்தான் ஓடத் தொடங்கியது. 1857இல் வந்த மின்னிஹாஹாவின் இடத்தைப் பிடித்ததே அதுதான். மற்றோர் அட்டையில் துறையை ஒட்டி ரயில் பெட்டிகள் நிற்கின்றன. கால்டுவெலுக்கு ரயில் வந்தது 1882இல். அதற்கு முன் பயணிகள் குதிரை வண்டிகளில்தான் வந்து இறங்கினார்கள். கப்பலையும் வண்டியையும் பார்த்தே ஆண்டைக் கணிக்க முடிகிற ஊர் இது. விற்பவர்கள் அந்தச் சிறு உழைப்பைக்கூடச் செய்யவில்லை.

எனவே என் பரிந்துரை இதுதான்: கருவி மட்டும் தனியாகக் கிடைத்தால் அதை வாங்குங்கள். அட்டைகளுக்கு நியூயார்க் பொது நூலகத்தின் இணையச் சேகரிப்புக்குச் செல்லுங்கள். அங்கே ராபர்ட் டென்னிஸ் தொகுப்பில் பல்லாயிரம் இரட்டைப் படங்கள் இருக்கின்றன. பதிப்புரிமை முடிந்தவற்றைப் பெரிய கோப்பாகவே கட்டணமின்றித் தருகிறார்கள். ஸ்டாடர்டின் லேக் ஜார்ஜ் படங்களையும் அங்கே காணலாம். தெருவோரப் புகைப்பட நிலையத்தில் கொடுத்து, 7 அங்குல அகலமும் மூன்றரை அங்குல உயரமும் வருமாறு பளபளப்பில்லாத தாளில் அச்சிட்டுத் தடித்த அட்டையில் ஒட்டினால் போதும். நான் அப்படிச் செய்த நான்கு அட்டைகளும் கடையில் வாங்கியவற்றை விடத் தெளிவாக உள்ளன.

பதினோராவது அட்டையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அதில் கரைக்கு முன்னால் மிதக்க வேண்டிய கப்பல், கரைக்குப் பின்னால் ஒரு பள்ளத்தில் புதைந்ததுபோல் தெரிந்தது. இரண்டு லென்ஸ் கொண்ட கேமராவின் நெகட்டிவை அப்படியே அச்சிட்டால் இடது படம் வலப்புறமும் வலது படம் இடப்புறமும் அமைந்துவிடும். அந்தக் காலத்தில் அச்சை வெட்டி இடம் மாற்றித்தான் அட்டையில் ஒட்டினார்கள். இங்கே அது நடக்கவில்லை. கடைக்கு எழுதினேன், மன்னிப்புக் கேட்டு வேறொரு பிரதியை இலவசமாக அனுப்பினார்கள். அதிலும் அதே பிழை இருந்தது. பிறகு நானே கத்தரியால் நடுவில் வெட்டி, பாதிகளை இடம் மாற்றி ஒட்டிக் கருவியில் வைத்தேன். கப்பல் பள்ளத்திலிருந்து எழுந்து துறைக்கு முன்னால் வந்து நின்றது; அதன் பின்தளத்தில் குடை பிடித்த ஒரு பெண் இருப்பது அப்போதுதான் கண்ணில் பட்டது.