ஆட்டுப் பட்டிக்கு ஏற்ற விலையில் ஓர் இரவு ஸ்கோப்

டெக்சாஸில் ஆடு வளர்ப்பவர்களுக்குக் கொயோட்டியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நாய்க் குடும்பத்து விலங்கு; ஓநாயைவிடச் சிறியது, நரியைவிடப் பெரியது. போயர் இன ஆடுகள் குட்டி போடும் பருவத்தில் இருட்டியதும் கொயோட்டி வேலியோரம் வந்துவிடும். மூன்றாம் தலைமுறைக் குழாய் (மங்கிய ஒளியைப் பெருக்கிக் காட்டுவது) பொருத்திய இரவுப் பார்வைக் கருவிகளின் விலையோ ஆயிரக்கணக்கான டாலர். குட்டிகளை விற்று அதை வாங்குவதற்குப் பதில், குட்டிகளைக் கொயோட்டிக்கே கொடுத்துவிடலாம்.

நான் வாங்கியது சைட்மார்க் ரெய்த் எச்டி என்ற டிஜிட்டல் ஸ்கோப், அதாவது துப்பாக்கியில் பொருத்திக் குறிபார்க்கும் கருவி. விலை 500 டாலரை ஒட்டி வரும். பழைய குழாய்க் கருவிகளைக் கெடுப்பதுபோலப் பகல் வெளிச்சம் இதைக் கெடுக்காது. பகலில் வண்ணத்திலேயே தெரியும். அதனால் குறி சரிபார்க்கும் வேலையைச் சூரியன் இருக்கும்போதே முடித்துக்கொள்ளலாம். எனக்கு இது ஒன்றே கொடுத்த காசுக்குச் சமம்.

32 மடங்கு பெரிதாகக் காட்டும் என்று போட்டிருப்பதில் மயங்காதீர்கள். கண்ணாடியின் வேலை 4 மடங்கோடு முடிகிறது. மீதியெல்லாம் டிஜிட்டல் பெரிதாக்கல். ஏற்ற ஏற்றப் படம் கட்டம் கட்டமாக உடையும். நான் 8-ஐத் தாண்டுவதில்லை.

உடன் வரும் அகச்சிவப்பு விளக்கின் அலைநீளம் 850 நானோமீட்டர். எதிரே நின்று பார்த்தால் அதன் முகத்தில் மங்கிய சிவப்புப் பொட்டு தெரியும். 940 வாங்கினால் அதுவும் தெரியாது, ஆனால் பார்வைத் தூரம் குறையும். சிவப்புப் பொட்டுக்குக் கொயோட்டி மிரளும் என்பார்கள். என் நிலத்தில் அதை விரட்டுவது காற்று கொண்டுபோகும் மனித வாடைதான். உண்மையான தொல்லை புல். விளக்குக்கு முன்னால் இரண்டு புல் நீட்டிக்கொண்டிருந்தால் ஒளி அதில் பட்டுத் திரும்பி, புல் மட்டும் வெள்ளையாக எரியும். பின்னால் இருப்பது இருண்டுவிடும். துப்பாக்கியைத் தாங்கும் முக்காலியை உயர்த்தி வையுங்கள்.

எந்தக் கருவியானாலும் பெட்டியில் அச்சிட்ட தூரம், ஏதோ ஒன்று இருக்கிறது என்று தெரியும் தூரம். அது என்ன என்று தெரியும் தூரம் அல்ல. என் காவல் நாய் கிரேட் பைரனீஸ் இனம். இருட்டில் அதன் கண்ணும் கொயோட்டியின் கண்ணும் ஒரே மாதிரி மின்னும். கொயோட்டி வாலைத் தாழ்த்தி ஓடும் அந்த ஓட்டம் தெளிவாகத் தெரியும்வரை விரல் விசைக்குப் போகக் கூடாது. எனக்கு அந்தத் தெளிவு 100 கஜத்துக்குள்தான் கிடைக்கிறது. பட்டிக்கு அது போதும். தேடுவதற்குத் துப்பாக்கியைத் தூக்கித் துழாவாதீர்கள். சிவப்பு ஒளித் தலைவிளக்கு மலிவு, அதில் தேடலாம்.

நான்கு ஏஏ பேட்டரி போடவேண்டும். குளிரில் லித்தியம்தான் தாங்கும்.

டெக்சாஸில் கொயோட்டிக்கு வேட்டைத் தடைக்காலம் கிடையாது. தனியார் நிலத்தில் உரிமையாளர் அனுமதியுடன் இரவிலும் சுடலாம். இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நரியைச் சுடுவது குற்றம். ஊருக்கு ஒன்று வாங்கி வரச் சொல்லும் மச்சான்களுக்கு: இரவுப் பார்வைக் கருவிகளுக்கு அமெரிக்காவில் ஏற்றுமதிக் கட்டுப்பாடு உண்டு. என் பெட்டியில் இடமில்லை.