‘அலங்காரக் கல்’ என்று பில் போட்டால் பவளத்தைத் தொடாதீர்கள்

கடலூர், பாண்டிப் பக்கம் வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கடைப் பெயரைப் போடப்போவதில்லை, இன்பாக்ஸில் கேட்காதீர்கள்.

ஹேமர் கோரல் என்ற பவளம் வந்திருக்கிறது, இந்தோனேஷியாவில் பண்ணையில் வளர்த்தது, சைட்டீஸ் பேப்பரும் (அருகிவரும் உயிரினங்களை நாடு விட்டு நாடு விற்பதற்கான அனுமதி) இருக்கிறது என்று பாண்டிக் கடைக்காரர் போனில் சொன்னார். வீடியோவும் வந்தது. பேப்பரைப் பார்த்த பிறகுதான் எடுப்பேன் என்று வாட்ஸப்பில் எழுதிவிட்டு, இரண்டாயிரம் ரூபாய் அட்வான்ஸ் போட்டேன்.

நேரில் போனால் கடையில் நீல விளக்கு மட்டும்தான். அந்த வெளிச்சத்தில் சாகக் கிடக்கும் பவளம்கூடப் பளபளக்கும். வெள்ளை விளக்கைப் போடச் சொன்னேன், முனகிக்கொண்டே போட்டார். விளிம்பில் சதை விலகி, எலும்பு ரம்பப் பல் மாதிரி வெளியே தெரிந்தது. அடிப்பக்கம் புதிதாக உடைத்த வெள்ளை. பண்ணையில் வெட்டி வளர்த்ததாக இருந்தால் வெட்டிய இடத்தில் பாசி படிந்திருக்கும். இதில் ஒட்டிய பசையே புத்தம் புதிதாக இருந்தது. ஒரு தலையில் பழுப்பாகக் கூழ் வேறு. பிரவுன் ஜெல்லி என்ற பவள நோய்! அதைத் தொட்டியில் விட்டால் பக்கத்தில் இருக்கும் டார்ச், ஃப்ராக்ஸ்பான் பவளங்கள் எல்லாவற்றுக்கும் தொற்றிவிடும்.

“தேவனாம்பட்டினத்துக் கடல் தண்ணிய ஊத்துங்க சார், சரியாயிடும்” என்றார். கெடிலம் ஆறு வந்து கலக்கிற இடம் அது. மழைக்காலத்தில் உப்பு, பவளத்துக்கு வேண்டிய 35-இல் (ஆயிரத்துக்கு 35 பங்கு) நிற்குமா என்ன?

பேப்பர் என்று காட்டியது போனில் ஒரு போட்டோ. அதில் இருந்தது வேறு இனத்தின் பெயர், தேதி இருக்கும் பக்கம் வெட்டப்பட்டிருந்தது. பில்லில் ‘அலங்காரக் கல் – 1’ என்று எழுதினார். விஷயமே அங்கேதான் இருக்கிறது. கல்பவளங்கள் எல்லாவற்றையும் 2001-லேயே வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். மன்னார் வளைகுடாவில் உடைத்து எடுத்ததாக இருந்து மாட்டினால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. அவர் கையில் கல் விற்ற பில், உங்கள் தொட்டியில் பவளம். மறுநாளே அது செத்தாலும், கல் செத்துப்போச்சு என்று யாரிடம் போய்ப் புகார் கொடுப்பீர்கள்?

வேண்டாம் என்று சொன்னதும், “அட்வான்ஸ் ரிட்டர்ன் கிடையாது, வேணும்னா க்ளவுன் மீன் ஜோடி எடுத்துக்குங்க” என்றார். வெளியே வந்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அடித்து, வாட்ஸப் பேச்சோடு நுகர்வோர் புகார் பதிந்தேன். பணம் இன்னும் வரவில்லை. என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்.

அதே வீடியோ இப்போது விலை குறைத்து வேறொரு நம்பரிலிருந்து சுற்றுகிறது. இடது ஓரத்தில் வாய் உடைந்த மஞ்சள் பக்கெட் ஒன்று தெரியும்.