எஸ்3 கோப்புக்குப் பூட்டு எங்கே: ஏசிஎல்லிலா, பக்கெட் பாலிசியிலா?

கோப்புகளைப் பக்கெட் எனும் கலன்களில் போட்டு இணையத்தில் சேமித்துவைக்கும் அமேசான் எஸ்3 சேவை 2006-இல் வந்தது. அதில் ஒரு கோப்பை யார் படிக்கலாம் என்று நிலையாகச் சொல்லிவைக்க, தொடக்கத்தில் ஏசிஎல் எனும் அனுமதிப் பட்டியல்தான் வழி. ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு பட்டியல். அதிகபட்சம் 100 அனுமதிகள். ஏபிஐ (நிரல்கள் சேவையோடு பேசும் வழி) மூலம் ஒரு புட் (எழுதிவை) கோரிக்கை அனுப்பினால் பட்டியல் மாறிவிடும்.

மாறிவிடும் என்பதில்தான் வில்லங்கம். புதிய பட்டியல் பழையதோடு சேராது, அதைத் துடைத்துவிட்டு அந்த இடத்தில் உட்காரும். ஐந்தாவதாக ஒருவரைச் சேர்க்க, இருக்கும் நால்வரையும் படித்தெடுத்து, ஐந்தாக்கித் திருப்பி அனுப்ப வேண்டும். இரண்டு நிரல்கள் ஒரே நேரத்தில் இதைச் செய்தால் பிந்தியது முந்தியதை விழுங்கிவிடும். கோப்பை நகலெடுத்தாலும் பட்டியல் கூடவே வராது. முன்பு நான் வேலை பார்த்த இடத்தில் படங்களை வேறு பக்கெட்டுக்கு மாற்றினேன். மறுநாள் காலை தளத்தில் ஒரு படமும் இல்லை, எல்லாம் 403, அதாவது 'அனுமதி இல்லை' என்ற பிழை. நகல்கள் அத்தனையும் தனிப்பட்டவையாகப் பிறந்திருந்தன.

இன்னொரு பொறி, 'அடையாளம் உறுதியான பயனர்கள்' என்ற குழு. நம் அலுவலகத்தார் என்றுதான் படிக்கத் தோன்றும். உண்மையில் உலகில் ஏடபிள்யூஎஸ் (எஸ்3 அடங்கிய அமேசான் மேகச் சேவை) கணக்கு வைத்திருக்கும் யாரும் அதில் அடக்கம்.

2010-இல் வந்த பக்கெட் பாலிசிக்கு, அதாவது பக்கெட் முழுவதற்கும் எழுதும் விதித்தொகுப்புக்கு, இந்தத் தொல்லைகள் இல்லை. 'படங்கள்' என்று பெயர் தொடங்கும் எல்லாவற்றையும் யாரும் படிக்கலாம் என ஒரே விதி எழுதினால், நாளை வரும் கோப்புக்கும் அது செல்லும். மறுப்பு விதி எழுதினால் எந்த அனுமதியும் அதை மீறாது. 20 கேபி வரம்பு மட்டும் உறுத்தும்: வாடிக்கையாளருக்கு ஒரு வரி என்று எழுதினால் விரைவில் நிரம்பிவிடும்.

ஒரே ஒருவருக்கு ஒரே ஒரு ரசீதைக் காட்ட இரண்டுமே வேண்டாம். கையொப்பமிட்ட இணைப்பு, அதாவது உங்கள் சாவியால் முத்திரையிட்ட தற்காலிக முகவரி, போதும். அதன் ஆயுள் அதிகபட்சம் 7 நாள். தற்காலிகச் சாவியால் கையொப்பமிட்டிருந்தால், அந்தச் சாவி காலாவதியாகும்போதே இணைப்பும் செத்துவிடும்.

ஒரே அடைவில் கோப்புக்குக் கோப்பு அனுமதி மாற வேண்டும் என்றால் மட்டுமே ஏசிஎல்லை எண்ணிப்பார்ப்பேன். 2023 ஏப்ரல் முதல் புதிய பக்கெட்டுகளில் அது அணைக்கப்பட்டே வருகிறது. பதிவேற்றும்போதே 'எல்லோரும் படிக்கலாம்' என்று கோரிக்கையின் தலைப்பில் (ஹெடர்) சேர்த்து அனுப்பும் பழைய நிரலை அங்கே ஓட்டிப் பாருங்கள்: 400 பிழை (கோரிக்கை செல்லாது) வரும், கோப்பே ஏறாது.