என்ஜின் லெவலர் வாங்கலாமா? பழைய எம்ஜிபி-யில் பயன்படுத்திப் பார்த்த அனுபவம்

என்ஜின் லெவலர் என்பது, என்ஜினைத் தூக்கும் கிரேனின் கொக்கிக்கும் என்ஜினுக்கும் நடுவே மாட்டி, தொங்கும் என்ஜினின் சாய்வை மாற்ற உதவும் கருவி. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தாராளமாக வாங்கலாம். ஆனால் பெட்டியைப் பிரித்த கையோடு என்ஜினில் மாட்டித் தூக்கிவிட வேண்டாம். அதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை கொஞ்சம் இருக்கிறது.

என் வண்டி எம்ஜிபி, பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். 1962 முதல் 1980 வரை தயாரிக்கப்பட்ட கார். முன்னால் 1798 சிசி என்ஜின், ஓட்டம் பின்சக்கரங்களுக்கு. இதில் என்ஜினையும் கியர்பாக்ஸையும் பெரும்பாலும் கழற்றும்போதும் சேர்த்தே கழற்றுவார்கள், ஏற்றும்போதும் சேர்த்தே ஏற்றுவார்கள். காரணம், என்ஜின் உள்ளே உட்கார்ந்துவிட்டால் பெல் ஹவுசிங்கின் (கியர்பாக்ஸ் என்ஜினோடு சேரும் மணி வடிவ உறை) மேல் போல்ட்டுகளுக்கு ஸ்பேனர் போவது கஷ்டம். அதோடு, கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் கிளட்ச் டிஸ்க்கின் நடுவே உள்ள ஸ்ப்லைன் என்ற பல்வரிசைத் துளைக்குள் நேராக நுழைந்து, கிராங்க் ஷாஃப்ட் நுனியில் இருக்கும் சின்ன வெண்கல புஷ்ஷில் போய் உட்கார வேண்டும். பானெட்டுக்கு அடியில் குனிந்து தடவித் தடவிச் செய்கிற வேலையா இது? வெளியே, நல்ல வெளிச்சத்தில், நாலு பக்கமும் பார்த்துச் செய்துவிட்டால் நிம்மதி.

சரி, சேர்த்துவிட்டோம். இப்போது கையில் இருப்பது நீளமான, முன்பக்கம் கனத்த ஒரு இரும்புக் கட்டி. அதன் வாலை நன்றாகக் கீழே சாய்த்து, முன்பக்கப் பேனலைத் தாண்டி, டனலுக்குள் (தரையின் நடுவே கியர்பாக்ஸ் உட்காரும் குழிவு) நுழைக்க வேண்டும். வால் உள்ளே போகப் போக சாய்வைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். கடைசியில் மவுண்டுகளில், அதாவது என்ஜினைத் தாங்கும் பிடிகளில், உட்காரும்போது கிட்டத்தட்ட நேராக இருக்க வேண்டும். வெறும் செயினில் தொங்கவிட்டால் முதலில் கட்டிய கோணம்தான் கடைசிவரை. சாய்வை மாற்ற வேண்டுமென்றால் இன்னொருவர் கியர்பாக்ஸ் மேல் தொங்க வேண்டும், அல்லது எல்லாவற்றையும் வெளியே எடுத்துச் செயினை மாற்றிக் கட்ட வேண்டும். லெவலர் தீர்த்துவைப்பது இந்த ஒரு தலைவலியைத்தான். அதை முழுசாகத் தீர்த்துவைக்கிறது.

பொருள் மிக எளிமையானது. ஒரு இரும்புச் சட்டம், அதன் நடுவே நீளமான திருகு, அந்தத் திருகில் முன்னும் பின்னும் நகரும் ஒரு கொக்கிப் பிடி, நாலு துண்டுச் செயின், ஒரு முனையில் கைப்பிடி. தொங்குகிற எந்தப் பொருளும் தன் எடையின் மையம் கொக்கிக்கு நேர் கீழே வரும்படிதான் நிற்கும். கைப்பிடியைச் சுற்றினால் கொக்கிப் பிடி நகர்கிறது, அதற்கேற்ப என்ஜின் தானே சாய்ந்துகொள்கிறது. கையை எடுத்தால் விட்ட இடத்திலேயே நிற்கிறது, தானாகச் சுற்றித் திரும்புவதில்லை. பெல் ஹவுசிங் ஃபயர்வாலை (என்ஜினுக்கும் இருக்கைகளுக்கும் நடுவிலுள்ள தடுப்பு) நெருங்கும் நேரத்தில் கைப்பிடியை அரைச் சுற்றுச் சுற்ற, கியர்பாக்ஸின் வால் விரல் அளவு மேலே வந்து நிற்பதைப் பார்த்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

பிராண்ட் பெயரைச் சொல்லவில்லை. இதே வடிவம் பல பெயர்களில், பல நிறங்களில் வருகிறது. என்னுடையதில் 680 கிலோ என்று போட்டிருக்கிறது. நாலு சிலிண்டர் என்ஜினும் கியர்பாக்ஸும் சேர்ந்தாலும் அதில் பாதிகூட வராது. ஆகவே சட்டத்தைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. கவனிக்க வேண்டியது கூடவே வரும் சில்லறைச் சாமான்களை.

முக்கியமாக போல்ட்டுகள். பெட்டியில் வந்தவை எல்லாம் மெட்ரிக். எம்ஜிபி என்ஜினிலோ யுஎன்எஃப் எனப்படும் அங்குல அளவு மரை. இதில் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. யுஎன்எஃப் போல்ட்டின் விட்டம் 5/16 அங்குலம் என்றால் 7.94 மில்லிமீட்டர். எம்8, அதாவது 8 மில்லிமீட்டர் மெட்ரிக் போல்ட்டைப் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் மரை இடைவெளி யுஎன்எஃப்-இல் 1.06 மில்லிமீட்டர், எம்8-இல் 1.25. எம்8 ஓரிரு சுற்று சமர்த்தாக உள்ளே போகும், அப்புறம் இறுகும். 'நன்றாகப் பிடித்துவிட்டது' என்று தோன்றும். உண்மையில் அங்கே மரை அறுந்துகொண்டிருக்கும். அதன் மேல் முழு எடையையும் தொங்கவிடக் கூடாது. வந்த போல்ட்டுகளை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, உங்கள் என்ஜினுக்குரிய மரையில், தலையில் 8.8 அல்லது அதற்கு இணையான தரக் குறி உள்ள போல்ட்டுகளை வாங்கிப் போடுங்கள். போல்ட்டின் விட்டத்தைவிட ஒன்றரை மடங்கு ஆழமாவது உள்ளே போக வேண்டும்.

அடுத்தது திருகு. என்னுடையது துளி கிரீஸ்கூட இல்லாமல் வந்தது. எடை ஏறியதும் கைப்பிடி முரண்டு பிடிக்கும், கீச்சென்று கத்தும், மொத்தக் கட்டியும் ஆடும். திருகு முழுக்கத் தாராளமாக கிரீஸ் பூசியதும் ஒரு கையாலேயே சுற்ற முடிந்தது.

நிஜமான குறை ஒன்று உண்டு: உயரம். லெவலரும் செயின்களும் கிரேனின் தூக்கும் உயரத்தில் நிறையத் தின்றுவிடுகின்றன. கிரேன் உச்சியைத் தொட்டுவிட்டது, என்ஜின் அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டியான சம்ப் இன்னும் முன்பக்கப் பேனலைத் தாண்டவில்லை என்ற நிலை வரும். செயின்களை எவ்வளவு குட்டையாகக் கட்ட முடியுமோ அவ்வளவு குட்டையாகக் கட்டுவதுதான் வழி. வண்டியின் பின்பக்கத்தை முன்பக்கத்தைவிட உயர்த்தி ஸ்டாண்டில் நிறுத்தினால் சாய்வும் குறைவாகத் தேவைப்படும். கிரேனின் கையை வெளியே இழுத்தால் எட்டும் தூரம் கூடும், தாங்கும் எடை குறையும். 2 டன் என்று எழுதியிருக்கும் மடக்குக் கிரேன்கள் பெரும்பாலும் கையை முழுக்க இழுத்து மாட்டும் கடைசித் துளையில் 500 கிலோதான் தாங்கும். அந்த எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, லெவலர் முன்பின் சாய்வை மட்டும்தான் சரிசெய்யும். இடவலமாகச் சாய்ந்தால் செயின் கண்ணிகளை மாற்றிக் கட்டித்தான் சமன் செய்ய வேண்டும். கார்புரேட்டர்களும் மேனிஃபோல்டும் ஒரே பக்கம் இருப்பதால் அவற்றை முன்கூட்டியே கழற்றிவிட்டேன், பாதி வேலை அதிலேயே முடிந்தது. கைப்பிடி வண்டியின் முன்பக்கம் பார்த்து இருக்கட்டும். ஃபயர்வால் பக்கம் போனால் சுற்ற இடமிருக்காது.

லெவலர் எவ்வளவு நன்றாக இருந்தாலும் தரையில் செய்த வேலை சரியாக இருந்தால்தான் பயன். கிளட்ச் டிஸ்க்கை சென்டரிங் டூல் வைத்து நடுவில் நிறுத்தி, அப்புறம்தான் டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டை இறுக்க வேண்டும். கியர்பாக்ஸின் எடையை இன்புட் ஷாஃப்டின் மேல் ஒரு நொடிகூடத் தொங்கவிடக் கூடாது, டிஸ்க் கோணிவிடும். பெல் ஹவுசிங்குக்கும் என்ஜினுக்கும் நடுவே இடைவெளி இருந்தால் போல்ட்டைப் போட்டு இழுக்காதீர்கள். வெளியே எடுத்து, ஏன் சேரவில்லை என்று பாருங்கள். கியர் லிவரைக் கழற்றிவிட்டு ஏற்றுங்கள், இல்லையென்றால் டனலில் இடிக்கும். பெடலை மிதித்தால் கிளட்ச்சை இயக்கும் கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டரை ஹோஸோடு ஓரமாகக் கட்டி வைத்திருந்தால், அது திரும்ப மாட்டப்படும்வரை பெடலை யாரும் மிதிக்கக் கூடாது, பிஸ்டன் வெளியே வந்துவிடும்.

வால் டனலுக்குள் போனதும் அதன் அடியில் டிராலி ஜாக்கைக் கொடுத்தேன். அங்கிருந்து வேலை மூன்று இடத்தில்: கிரேனில் கொஞ்சம் இறக்கு, லெவலரில் கொஞ்சம் சுற்று, ஜாக்கில் கொஞ்சம் உயர்த்து. முன் மவுண்டுகளும் பின்னால் கியர்பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டமான கிராஸ் மெம்பரும் எல்லா போல்ட்டும் ஏறும்வரை தளர்வாகவே இருக்க வேண்டும். ஒன்றை இறுக்கிவிட்டால் அடுத்த துளை நேர்படாது. இந்த கிராஸ் மெம்பர்தான் எம்ஜிபி-யில் பொறுமையைச் சோதிக்கும் இடம். அங்கே மில்லிமீட்டர் கணக்கில் நகர்த்த முடிந்தது என்றால் லெவலரும் ஜாக்கும் சேர்ந்து கொடுத்த வசதிதான்.

எல்லோருக்கும் இது தேவைப்படாது. பழைய ஏர் கூல்டு பீட்டிலில் என்ஜின் பின்னால், அடியிலிருந்து ஏறுகிறது, ஜாக் போதும். கியர்பாக்ஸ் வண்டியிலேயே இருக்க, என்ஜினை மட்டும் ஏற்றுகிறவர்களும் வெறும் செயினில் சமாளிக்கலாம். நீளமான கியர்பாக்ஸை என்ஜினோடு சேர்த்து மேலிருந்து இறக்குகிறவர்கள், அதுவும் ஆள் துணை குறைவாக இருந்தால், யோசிக்காமல் வாங்குங்கள். கூடவே நல்ல போல்ட்டுகளும் ஒரு டப்பா கிரீஸும்.