கொள்ளுவுக்குப் பாடம் எடுக்க வந்த தம்பி: ஆறு வகுப்பு, 4,200 ரூபாய்

மதுரையில் வீட்டுக்கே வந்து நாய்க்குட்டிக்குப் பழக்கம் சொல்லிக்கொடுக்க ஆள் தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரு வகுப்பு முக்கால் மணி நேரம், 700 ரூபாய், மொத்தம் ஆறு வகுப்பு. பாதிப் பணம் முன்னாடியே கொடுத்துவிட வேண்டும். நான் போடுவது நாலு ஸ்டார்.

வீட்டில்தான் தையல் வேலை பார்க்கிறேன். முன்னறையில் இரண்டு மெஷின், ஒரு கட்டிங் டேபிள், சுற்றிலும் துணி மூட்டை. புரட்டாசி பிறந்த வாரம் என் மகன் ஒரு நாட்டுக்குட்டியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்து நின்றான். கொள்ளு நிறம், அதனால் பேரும் கொள்ளு. டாக்டர் பல்லைப் பார்த்து இரண்டு மாதம் இருக்கும் என்றார். தீபாவளி ஆர்டர் வந்து குவிகிற நேரம் பார்த்து இப்படி ஒரு விருந்தாளி.

மெஷின் மிதிக்கும்போது பாதம் மேலும் கீழும் ஆடுமில்லையா, அதைப் பார்த்தால் அவனுக்குத் திருவிழா. பால் பல் 28, ஒவ்வொன்றும் ஒன்பதாம் நம்பர் ஊசி. கொலுசுக்குக் கீழே எனக்குத் தோலே இல்லை. ஒண்ணுக்கு, ரெண்டுக்கு எல்லாம் கட்டிங் டேபிளுக்கு அடியில். ஒருநாள் ஒரு கல்யாணப் பாவாடை மயிரிழையில் தப்பியது.

முதலில் வேறு ஒருவர் வந்து பார்த்தார். போன இடத்திலேயே மூக்கைத் தேய்க்கணும், பேப்பரைச் சுருட்டி ஒரு தட்டு தட்டணும் என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்று நாள் செய்தோம். கொள்ளு ஒண்ணுக்குப் போவதை நிறுத்தவில்லை, எங்கள் கண் முன்னால் போவதை நிறுத்தினான். பீரோவுக்குப் பின்னால் நாற்றம் வந்த பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. நாய் சொன்னபடி கேட்கவில்லை, பயந்துபோய் ஒளிந்துகொண்டது, அவ்வளவுதான்.

அப்புறம் வந்தவர்தான் இந்தத் தம்பி. இருபத்தைந்து வயசு இருக்கும். வந்ததும் நாயைக் கொஞ்சுவார் என்று பார்த்தேன். தரையில் உட்கார்ந்து டேபிளுக்கு அடியில் பார்த்தார். "அக்கா, காந்தம் இருக்கா?" குண்டூசி பொறுக்க நான் வைத்திருக்கும் காந்தத்தைக் கொடுத்தேன். தரையோடு தரையாக ஒரு இழுப்பு இழுத்தார். 17 குண்டூசி, ஒரு உடைந்த மெஷின் ஊசி. நான் காலையில்தான் கூட்டியிருந்தேன். "நூலையும் விடாதீங்கக்கா. முழுங்கிட்டா குடலைச் சுருட்டிப் பிடிக்கும், ஆபரேஷன் வரைக்கும் கொண்டுபோயிரும்" என்றார். முதல் 700 ரூபாய் அந்த நிமிஷமே தீர்ந்தது என்று வைத்துக்கொள்கிறேன்.

அடுத்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இவன் எப்பக்கா தூங்குவான்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. ராத்திரி பதினொன்றரை வரை மெஷின் ஓடும், லைட் எரியும். பகலில் அளவு கொடுக்க வருகிற ஆள் எல்லாம் "ஐயோ குட்டி" என்று தூக்குவார்கள். இந்த வயசுக் குட்டி ஒரு நாளைக்கு 18லிருந்து 20 மணி நேரம் தூங்கவேண்டுமாம். எங்கள் வீட்டில் அவன் அதில் பாதியாவது தூங்கியிருப்பானா என்பது சந்தேகம். "இது சேட்டை இல்லக்கா, தூக்கக் கலக்கம். பிள்ளைங்களுக்குத் தூக்கம் வந்தா அழும். இது கடிக்குது." எந்த நேரத்தில் கடி அதிகம் என்று யோசித்துப் பார்த்தேன். சாயங்காலம் ஏழு மணி. என் மகன் சின்னதில் கையைக் காலை உதறிக்கொண்டு அழுத அதே நேரம்.

ஒரு மணி நேரம் முழித்திருந்தால் இரண்டு மணி நேரம் தூக்கம் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தார். இரும்புக் கூண்டு வாங்கச் சொன்னார். மூவாயிரத்துக்கு மேல் ஆகும் என்றதும் நான் வாயைத் திறக்கவில்லை. புரிந்துகொண்டு, கட்டிங் டேபிளின் மூன்று பக்கமும் பழைய போர்வையைத் தொங்கவிடச் சொன்னார். உள்ளே ஒரு கோணிப்பை. வாசல் பக்கம் ஒரு பலகை. இருட்டாக இருந்ததும் பத்து நிமிஷம் முனகிவிட்டுத் தூங்கிப்போனான். அன்றைக்குச் சாயங்காலம் நான் முழுசாக ஒரு ப்ளவுஸ் முடித்தேன், பொத்தான் வரைக்கும்.

மெஷின் பாடம் இரண்டாவது வகுப்பில். ஊசியைக் கழற்றிவிட்டு அவரே என் ஸ்டூலில் உட்கார்ந்தார். பக்கத்தில் கோணிப்பை, அதன் மேல் கொள்ளு. ஒரே ஒரு மிதி. அவன் அசையாமல் பார்த்தால் முன்காலுக்கு நடுவில் அவித்த முட்டை ஒரு துணுக்கு, சத்தமில்லாமல். இரண்டு மிதி, இன்னொரு துணுக்கு. பாய்ந்து பாதத்தைப் பிடித்தால் கால் அப்படியே நின்றுவிடும். கத்தக் கூடாது, உதறக் கூடாது. ஆடாத காலில் என்ன சுவாரஸ்யம் இருக்கிறது? அவனே விட்டுவிட்டுத் திரும்பிப் படுத்தான். நான் அதுவரை "ஆ" என்று கத்திக் காலை இழுத்ததெல்லாம் அவனுக்கு விளையாட்டுக்குக் கூப்பிட்ட மாதிரி இருந்திருக்கிறது.

ஒரு இடத்தில் மட்டும் அவரோடு ஒத்துப்போகவில்லை. கடிக்கப் பழைய துணியை முடிச்சுப் போட்டு, நனைத்து, ஃப்ரீசரில் வைத்துக் கொடுங்கள் என்றார். தையல்காரி வீட்டு நாய்க்குத் துணியைக் கொடுத்துப் பழக்கலாமா தம்பி? வெட்டுத்துணிக்கும் கஸ்டமர் பட்டுக்கும் அவனுக்கு என்ன வித்தியாசம் தெரியும்? யோசித்துவிட்டு, ஃப்ரிட்ஜில் வைத்த தடிமனான கேரட் என்று மாற்றினார். பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டே கொடுக்கவேண்டும். சொன்னதற்குக் கோபப்படாமல் மாற்றியது பிடித்திருந்தது.

வெளியே போகப் பழக்குவதுதான் நீளமான வேலை. தடுப்பூசியெல்லாம் போட்டு முடிக்கிற வரைக்கும் தெருவில் இறக்கக் கூடாது, பார்வோ என்கிற வைரஸ் நோய் வந்தால் குட்டி பிழைப்பது கஷ்டம் என்று டாக்டரும் சொல்லியிருந்தார், இவரும் சொன்னார். அதனால் கொல்லையில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் இரண்டு சட்டி மணல் கொட்டினோம். அவன் ஒண்ணுக்குத் துடைத்த துணியை அந்த மணலில் ஒருநாள் போட்டு வைத்தோம், வாசனை காட்ட. எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் தூக்கிக்கொண்டு ஓடவேண்டும். முடித்த நொடியே முட்டை. உள்ளே வந்து கொடுத்தால் வீட்டுக்குள் வந்ததற்குக் கொடுத்ததாக நினைத்துக்கொள்வானாம்.

என் அளவு நோட்டின் பின்பக்கத்தில் நேரம் குறித்தேன். 6.10 ஒண்ணுக்கு. 6.40 சாப்பாடு. 6.55 ரெண்டுக்கு. ஒரு வாரத்தில் அவனுடைய வண்டி எப்போது வரும் என்று எனக்கு மனப்பாடம். உள்ளே போன இடத்தை பினாயில் ஊற்றித் துடைப்பதை நிறுத்தச் சொன்னார். அந்த வாசனை நம் மூக்கைத்தான் ஏமாற்றும், அவன் மூக்கை இல்லை. வினிகரும் தண்ணீரும் சரிபாதி, காய்ந்ததும் மேலே ஆப்பசோடா. பீரோவுக்குப் பின்னால் அதோடு முடிந்தது.

அம்மாவைத் திருத்துவது 4,200 ரூபாயில் சேராது. ராத்திரி பத்து மணிக்கு யாருக்கும் தெரியாமல் தயிர்சாதம் ஊட்டிவிடுவார், மூன்று மணிக்கு நான் கொல்லைக்கு நடப்பேன். ஒருநாள் கையில் பாயசக் கிண்ணம். தம்பி பதறிப்போய், "பாட்டி, திராட்சை மட்டும் வேண்டாம், நாய்க்குக் கிட்னி போயிரும்" என்றார். அதை மட்டும் அம்மா கேட்டுக்கொண்டார்.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் காசு வாங்காமல் எட்டிப்பார்த்தார். வெடிச் சத்தத்துக்கு உள்ளறையில் ஜன்னலைச் சாத்தி, ஃபேனையும் டிவியையும் போட்டுவிடச் சொன்னார். நடுங்கத்தான் செய்தான், ஆனால் சாப்பிட்டான்.

இப்போது குறைகள். இரண்டு தடவை ஒரு மணி நேரத்துக்கு மேல் லேட், ஒரு போன்கூட இல்லை. கஸ்டமரை நிறுத்தி வைத்துக்கொண்டு காத்திருந்தேன். தன்னிடம் இருக்கும் பிஸ்கட் பாக்கெட் 350 ரூபாய் என்று ஒவ்வொரு வகுப்பிலும் எடுத்து நீட்டுவார். முட்டை ஏழு ரூபாய்க்கு அதே வேலையைச் செய்தது. வாட்ஸ்அப்பில் அனுப்பும் வீடியோ எல்லாம் இங்கிலீஷில் பேசுகிறது, மகன்தான் எனக்குச் சொல்லவேண்டியிருந்தது. இருபது நாளில் சரியாகிவிடும் என்று முதலில் சொன்னார். பகலில் சுத்தமாக ஐந்து வாரம் ஆனது, ராத்திரிக்கு ஒன்பது. அந்த இருபது நாள் பேச்சுக்குத்தான் ஒரு ஸ்டார் போனது. முதலிலேயே இரண்டு மாதம் என்று சொல்லியிருந்தால் நடுவில் நான் அப்படி அழுதிருக்க மாட்டேன்.

ஆறாவது வகுப்பைத் தெருவில் நடத்தவேண்டும் என்று, ரேபிஸ் ஊசியும் போட்டு டாக்டர் சரி சொல்கிற வரைக்கும் தள்ளிவைத்துவிட்டு வந்தார். பணத்தை வாங்கிக்கொண்டு காணாமல் போவார் என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். வந்தார். அன்றைக்கும் லேட்.

கொள்ளுவுக்கு இப்போது ஐந்து மாதம். மார்கழிக் கோலத்தின் மேல் நடக்கிறான், ஆனால் ஒண்ணுக்குப் போவதில்லை. நான் மெஷினில் உட்கார்ந்தால் கோணிப்பையில் போய்ப் படுத்துக்கொள்கிறான். பால் பல் விழ ஆரம்பித்திருக்கிறது. போன வாரம் முன்பல் ஒன்று ஒரு பட்டு ப்ளவுஸின் கைமடிப்பில் குத்திக்கொண்டு இருந்தது. யாருடைய ப்ளவுஸ் என்று இங்கே எழுதமாட்டேன்.