பிரேசில் சென்டாவோ: எவர்சில்வர் வரிசையா, செம்பு வரிசையா?

பிரேசிலின் சில்லறைக் காசுகளைச் சேர்க்க நினைப்பவர்கள் முதலில் வரிசையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிரேசிலின் பணமான ரெயால் (100 சென்டாவோ ஒரு ரெயால்) பிறந்த 1994இல் வெளியான சென்டாவோக்கள் ஒரு வரிசை. 1998 முதல் அச்சாகி வருபவை இன்னொன்று. பிரேசில்காரர்கள் இவற்றை முதல் குடும்பம், இரண்டாம் குடும்பம் என்பார்கள். இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் வாங்கிப் பார்த்துவிட்டு முதல் குடும்பத்தோடு நின்றுகொண்டேன். அதனால் இது நடுநிலையான அலசல் இல்லை.

அழகில் போட்டியே கிடையாது, இரண்டாவதுதான். 1 சென்டாவோவில் கடலோடி கப்ரால், 5இல் 1792இல் தூக்கிலிடப்பட்ட விடுதலைப் போராளி திராதென்தெஸ், 10இல் 1822இல் விடுதலையை அறிவித்த முதலாம் பெத்ரு, 25இல் 1889இல் முடியாட்சிக்கு முடிவுகட்டிய தளபதி தியோதோரு, 50இல் நாட்டின் எல்லைகளைப் பேசியே தீர்த்த ரியோ பிராங்கோ பிரபு. நிறமும் செம்பு, வெண்கலம், வெள்ளை என்று மாறிக்கொண்டே போகும். முதல் குடும்பத்தில் எதை எடுத்தாலும் குடியரசைக் குறிக்கும் அதே பெண்முகம், அதே வெள்ளை எஃகு. அளவுகூட 1 சென்டாவோ 20 மி.மீ., 5 என்றால் 21, 10 என்றால் 22. கல்லாவில் உட்கார்ந்தவர்கள் பாவம்.

விலை பற்றிப் பெரிதாகப் பேச ஒன்றுமில்லை. இரண்டுமே மலிவு.

என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. இரண்டாம் குடும்பத்தின் 1, 5 சென்டாவோக்கள் முழுச் செம்பு அல்ல. எஃகுத் தட்டின்மேல் செம்புப் பூச்சு. 10, 25 இரண்டும் எஃகின்மேல் வெண்கலப் பூச்சு. பூச்சு முழுசாக இருக்கும்வரை பிரச்சினை இல்லை. ஆனால் கைமாறிய காசில் விளிம்பு தேய்ந்திருக்கும், எங்காவது ஒரு கீறல் இருக்கும். ஈரக்காற்று அந்த வழியாக இரும்பைத் தொட்டதும் பழுப்புப் புள்ளி தோன்றும். அது பூச்சுக்கு அடியிலேயே பரவி, மேலே கொப்புளம்போல் தூக்கும். கடலோர ஊர்க்காரர்கள் இதை மழைக்காலம் முடிவதற்குள் பார்த்துவிடலாம். விரல் வியர்வையில் உள்ள உப்பும் போதும், செம்பின்மேல் ரேகை அப்படியே கறுத்துப்போய்விடும். பிவிசி உறை இன்னும் மோசம். நாளாக ஆக அதிலிருந்து கசிவது செம்பைப் பச்சைக் களிம்பாக்கும். ஆக பிவிசி இல்லாத மைலார் உறை, சிலிக்கா ஜெல் பொட்டலம், அதை மாதாமாதம் மாற்றுவது என்று வேலை வளர்கிறது. வீட்டில் யாராவது குத்துவிளக்குக்குச் செய்வதுபோல் புளிபோட்டுத் தேய்த்துவிட்டால் கதை முடிந்தது: மெல்லிய பூச்சோடு காசின் மதிப்பும் போய்விடும்.

முதல் குடும்பத்துக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. அத்தனையும் எவர்சில்வர். 1994ஆம் ஆண்டுக் காசு அழுக்கோடு வந்தாலும் சோப்புத் தண்ணீரில் அலசி, பருத்தித் துணியில் ஒற்றி எடுத்தால் சரி. கீறல் விழுந்தால் கீறல் மட்டும்தான், துரு கிளம்பாது. சாதாரண ஆல்பத்தில் செருகிவிட்டு மறந்துவிடலாம்.

அப்புறம், இந்த வரிசைக்கு ஒரு முடிவு இருக்கிறது. 1, 5, 10 சென்டாவோக்கள் 1997 வரை, 25, 50 இரண்டும் 1995 வரை. ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பின் பொன்விழாவுக்காக 1995இல் வந்த 10, 25 சென்டாவோக்களையும் சேர்த்துக்கொண்டாலும் ஆல்பத்தில் ஒரே பக்கம் போதும். இரண்டாம் குடும்பத்தில் 1 சென்டாவோ மட்டும் 2004உடன் நின்றது. மற்றவற்றுக்கு இடம் விட்டுக்கொண்டே போக வேண்டும்.

விற்கும் எண்ணம் உள்ளவர்கள் என் பேச்சைக் கேட்க வேண்டாம். தேடப்படும் காசுகள் பெரும்பாலும் இரண்டாம் குடும்பத்தில்தான் இருக்கின்றன. குறைவாக அச்சான 1999ஆம் ஆண்டு 5, 10 சென்டாவோக்களுக்குக் கிராக்கி உண்டு. 2012இல் 50 சென்டாவோத் தட்டில் 5 சென்டாவோவின் அச்சு தவறுதலாக விழுந்து, பூஜ்யம் இல்லாத 50 வெளியே வந்துவிட்டது. அதன் விலை தனி ரகம். நான் காசை வாங்கியிருக்கிறேனே தவிர விற்றதில்லை. ஆகவே கைக்கு எவ்வளவு தேறும் என்பதில் என் சொல்லை நம்பி இறங்காதீர்கள்.

செம்பு நிறம்தான் வேண்டும் என்று மனம் அடம்பிடித்தால், புழக்கத்துக்குப் போகாத, புதுக்கருக்கு மாறாத காசாகப் பார்த்து வாங்கி, அன்றே காற்றுப்புகாத கூட்டில் அடையுங்கள். தேய்ந்த 5 சென்டாவோ சும்மா கொடுத்தாலும் வேண்டாம். 50 சென்டாவோவுக்கு மட்டும் விதிவிலக்கு: 2001 வரை அது செம்பும் நிக்கலும் கலந்தது, காந்தத்தில் ஒட்டாது, 2002 முதல் அதுவும் எவர்சில்வர், ஒட்டும். இரண்டுமே பூச்சில்லாதவை, தைரியமாக வாங்கலாம்.